அந்த ஒரு வரியை நீக்கிவிடு

சுன்னாகம்,
2025 தை (ஜனவரி) 5.

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். மழை இன்னும் முழுதாக விடவில்லை; அம்மாவின் முழங்கால் வலி மழையோடு வந்து மழையோடு போகிறது, ஆகவே அதைப்பற்றி நீ கவலைப்பட வேண்டாம். உன் நண்பனின் ஐந்தாம் ஆண்டு நினைவு மலருக்கு நீ எழுதிய கட்டுரையை அச்செடுத்துத் தரச் சொல்லி வாங்கி, விறாந்தைக் கதிரையில் இருந்து மூன்று தரம் வாசித்தேன். சந்திப் பிழைகளைச் சிவப்பு மையால் குறித்திருக்கிறேன். அவை அதிகம் இல்லை. பதினெட்டு ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்தும் உன் தமிழ் பழுதுபடாமல் இருப்பது எனக்கு மகிழ்ச்சி. ஆனால் கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில், "எங்கள் வீடு அவனுக்கு எந்நாளும் திறந்திருந்தது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் பற்றித் தொலைபேசியில் பேச எனக்கு வாய் வராது என்பதால்தான் இந்தக் கடிதம்.

அதற்கு முன் சிறிய விடயங்களைச் சொல்லிவிடுகிறேன். "தியாகச் சுடர்" என்றும் "மக்கள் தொண்டன்" என்றும் நீங்கள் அவனுக்குப் பட்டங்கள் கொடுத்திருக்கிறீர்கள். அந்தச் சொற்கள் இந்த மண்ணில் இத்தனை பேருக்குச் சூட்டப்பட்டுவிட்டன, வாசிக்கிறவன் கண் அவற்றின்மேல் நிற்காமல் கடந்து போய்விடும். அவன் செய்ததை உள்ளபடி சொன்னால் பட்டம் தேவைப்படாது. அவன் செய்தது மிகச் சாதாரணமான, ஆனால் நான் வேறு எந்தச் செய்தியாளரிடமும் காணாத ஒரு காரியம்: செய்தி பத்திரிகையில் வந்த பிறகு, அந்தச் செய்தியில் இருந்தவர்களின் வீட்டுக்கு அவன் திரும்பிப் போவான். எழுத வேண்டியது எதுவும் இல்லாதபோதும் போவான். என்ன நடந்தது, யாராவது வந்தார்களா, எழுதியதால் நன்மையா தீமையா என்று கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொள்வான். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று உன் கட்டுரையில் இல்லை. உனக்கு அவன் சொல்லியிருக்க மாட்டான்.

2005இல், உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழகத்துக்கு ஒன்றிரண்டு புள்ளிகளால் இடம் தவறிய ஆண்டில், பிரதேசச் செய்தியாளராக அவன் எழுதத் தொடங்கினான் அல்லவா? வெளிவந்த செய்திக்கு மட்டும் காசு, அதுவும் மாதக் கடைசியில், சைக்கிள் ரியூப் மாற்றக்கூடப் போதாத காசு. முதல் சில மாதங்களுக்குள், கணவனை இழந்த ஒரு தாய்க்குத் தையல் இயந்திரம் உதவியாகக் கிடைத்த செய்தியை அவன் எழுதினான். பெயர், ஊர், எத்தனை பிள்ளைகள், கணவன் எப்படி இறந்தான், வீட்டில் எத்தனை நாள் அடுப்பு எரியவில்லை என்று எல்லாவற்றையும், வாசிப்பவர் மனம் உருகும்படி எழுதியிருந்தான். அப்போது தபாலதிபராக இருந்த நானும் தபாற்கந்தோரில் வாசித்துவிட்டு, பொடியன் நன்றாக எழுதுகிறான் என்று சொன்னேன். பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு அந்தத் தாயிடம் காட்டப் போனவனை அவர் படலைக்கு உள்ளே விடவில்லை. "தம்பி, நீங்கள் நல்லது நினைச்சுத்தான் எழுதினீங்கள். ஆனால் என்ரை பிள்ளை இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டு நிக்குது" என்றாராம். அந்தப் பிள்ளையை வகுப்பில் எப்படி அழைத்தார்கள் என்பதை நான் இங்கே எழுத விரும்பவில்லை. அவன் இதை எனக்குச் சொன்னபோது அழவில்லை. முகம் கறுத்துப் போயிருந்தது. அடுத்த ஒரு வருடம், வாரம் இரண்டு மாலைகள், அந்தப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போனான். அதை நீ காதல் என்று நினைத்துக் கேலி செய்தாய், நினைவிருக்கிறதா? மாலையில் எங்கே போகிறான் என்று சொல்லாததற்குக் காரணம் அதுதான்.

2006ஐ நான் உனக்கு விவரிக்கத் தேவையில்லை, நீ இங்கேயே இருந்தாய். ஆனால் மலரை வாசிக்கப் போகிற பிள்ளைகளில் பாதிப் பேர் அப்போது பிறந்திருக்கவில்லை. ஆகவே அந்த ஆண்டைக் கட்டுரையில் ஒரு வரியோடு நீ கடந்து போகக் கூடாது. திருகோணமலைக் கடற்கரையில் தை 2ஆம் திகதி கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் உடல்களைப் படமெடுத்து, அவர்கள் குண்டு வெடித்து அல்ல, சுடப்பட்டே இறந்தார்கள் என்பதை உலகுக்குக் காட்டிய செய்தியாளர் சுகிர்தராஜன், அதே மாதம் 24ஆம் திகதி காலையில் வேலைக்குப் போகப் பஸ்ஸுக்குக் காத்து நின்ற இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். வைகாசி 2ஆம் திகதி மாலையில், யாழ்ப்பாணத்தில் உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்தவர்கள் இரண்டு ஊழியர்களைக் கொன்றார்கள். மறுநாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர தினம். அந்த ஆண்டு அதற்கான யுனெஸ்கோ மாநாடு கொழும்பில்தான் நடந்தது. அவன் அன்றைய பத்திரிகையைத் தன் கொப்பிக்குள் மடித்து வைத்திருந்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஆவணி 11ஆம் திகதி, யாழ்ப்பாணத்துக்குத் தெற்கிலிருந்து பொருட்கள் வரும் தரைவழியான ஏ9 பாதை முகமாலையில் மூடப்பட்ட பின், சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் எப்படி வரிசை நின்றோம் என்பது உனக்குத் தெரியும். பத்திரிகைத் தாளும் மையும்கூட வராமல், பத்திரிகைகள் பக்கம் பக்கமாக மெலிந்து, ஒரு வேளை வாசிப்புக்குள் முடிந்துவிடுகிற அளவுக்கு வந்தன. அந்த மெலிந்த பக்கங்களில் தன் செய்திக்கு இடம் கேட்பது நியாயமில்லை என்று நினைத்தானோ என்னவோ, அவன் அப்போது எழுதியவை எல்லாம் இரண்டு வரி, மூன்று வரி. நாளை எந்தச் சங்கக்கடையில் எந்த இலக்கம் வரையான குடும்ப அட்டைக்கு என்ன பொருள் கொடுபடும் என்பதை முதல்நாளே விசாரித்து எழுதுவான். பத்திரிகையில் இடம் இல்லாத நாட்களில், அதையே ஒரு கடதாசியில் எழுதி என் தபாற்கந்தோர்ச் சுவரில் ஒட்டிவிட்டுப் போவான். அரசாங்கச் சுவரில் அனுமதியில்லாமல் ஒட்டக் கூடாது என்று நான் ஒருமுறை சொன்னேன். அடுத்த நாள் சுவருக்கு வெளியே வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டான். ஊரடங்குக்கு முன் வீடு திரும்ப வேண்டிய முதியவர்கள் அந்தக் கடதாசியைப் பார்த்து, வீணாக வரிசையில் நிற்காமல் திரும்பிப் போனதை நான் என் சாளரத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதைச் செய்தி என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அவன் எழுதியவற்றில் அதிகம் பயன்பட்டது அதுதான் என்பது என் எண்ணம்.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

நீ 2007 தொடக்கத்தில் கப்பலில் திருகோணமலை போய், அங்கிருந்து கொழும்பு போய், விமானம் ஏறினாய். நீ போன பின்னும் அவன் நம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். அம்மா உனக்கு வைத்த தட்டில் அவனுக்குச் சோறு போடுவாள். சித்திரை 29ஆம் திகதி, உதயனில் வேலை செய்த ராஜிவர்மன் என்ற செய்தியாளர், 25 வயதுப் பிள்ளை, நகரத்தில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது மோட்டார் சைக்கிளில் வந்தவனால் சுட்டுக் கொல்லப்பட்டான். அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. நான் நினைத்தது ராஜிவர்மனை அல்ல, அவனுக்கு முன் கொல்லப்பட்ட செய்தியாளர் நிமலராஜனை. 2000ஆம் ஆண்டு ஐப்பசி 19ஆம் திகதி, ஊரடங்கு நேரத்தில், தன் வீட்டு மேசையில் இருந்து எழுதிக்கொண்டிருந்தவரைச் சாளரத்துக்கு வெளியே நின்று சுட்டார்கள். பிறகு வீட்டுக்குள் கைக்குண்டும் எறிந்தார்கள். பெற்றோரும் ஒரு சிறுவனும் காயப்பட்டார்கள். எறிந்த குண்டுக்கு அந்த வீட்டில் எழுதுகிறவர் யார், எழுதாதவர் யார் என்று தெரியாது. உன்னை அனுப்பிவிட்டு, அம்மாவும் தங்கச்சியும் நானுமாக இருக்கிற வீட்டில், மாலைகளில் ஒரு செய்தியாளன் விறாந்தையில் இருந்து தேநீர் குடிக்கிறான் என்பதை யார் யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கணக்குப் பார்த்தேன்.

இரண்டு நாட்கள் கழித்து அவன் தபாற்கந்தோருக்கு வந்தான். மூடும் நேரம், வேறு ஒருவரும் இல்லை. "தம்பி, கொஞ்ச நாளைக்கு வீட்டுப் பக்கம் வராதை" என்றேன். நான் காரணம் சொல்வதற்கு வாய் திறந்தேன். அவன் என்னைச் சொல்ல விடவில்லை. "விளங்குது மாமா" என்றான். பிறகு கதவடியில் நின்று, "மாமி கேட்டால் எனக்கு வேலை கூட எண்டு சொல்லுங்கோ" என்றான். நான் அப்படியே சொன்னேன். அம்மா நம்பினாள். உனக்கு எழுதிய கடிதங்களிலும் அவனுக்கு வேலை அதிகம் என்றே எழுதினேன். அந்தக் கடிதங்களை நீ வைத்திருந்தால் எடுத்துப் பார், 2007 வைகாசி முதல் அந்த ஒரே வசனம்தான் திரும்பத் திரும்ப இருக்கும்.

மகனே, நான் செய்தது தவறு என்று இன்றும் என்னால் முழுமனதோடு சொல்ல முடியவில்லை. அதே ஆண்டு, அதே வீடு, அதே பிள்ளைகள் என்றால் நான் மறுபடியும் அதையே செய்வேன் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அதைச் செய்துவிட்டு, கதவு திறந்திருந்தது என்று அச்சில் போடுவதற்கு எனக்கு உரிமை இல்லை.

அதன் பிறகு அவன் வெள்ளிக்கிழமைதோறும் தபாற்கந்தோருக்கு வந்தான். ஒரு முத்திரை வாங்குவான், ஒன்றே ஒன்று, உள்நாட்டுக் கடிதத்துக்கானது. காசைத் தருவான், மிச்சத்தை வாங்குவான், "சுகமா ஐயா?" என்பான். மாமா என்று சொல்ல மாட்டான், வரிசையில் ஆட்கள் நிற்பார்கள். யாருக்குக் கடிதம் எழுதுகிறான் என்று நான் பல நாள் யோசித்தேன். தபாலதிபரின் மூளை அந்த அளவில்தான் வேலை செய்தது. அவன் எழுதிய கடிதம் எதுவும் என் பெட்டியில் விழவில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

2008 ஆடியில் அம்மாவுக்கு விடயம் தெரிந்துவிட்டது, எப்படி என்று எனக்குத் தெரியாது. அன்று அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு, வெயிலில் நடந்து அவன் வீட்டுக்குப் போய், அவனைச் சைக்கிளை உருட்டிக்கொண்டு தன்னோடு நடந்து வரச் சொல்லி, வீதியில் பார்க்கிறவர்கள் எல்லாம் பார்க்கும்படி அழைத்து வந்து, விறாந்தையில் இருத்திச் சோறு போட்டாள். ஆகவே வீட்டைத் திறந்தது அவள். நீ எதையாவது எழுத விரும்பினால் அதை எழுது. அவள் வேண்டாம் என்பாள், நீ கேட்காதே.

அதன் பிறகான அவனுடைய ஆண்டுகளை நீ விடுமுறைக்கு வந்து போனபோது பார்த்ததை வைத்து எழுதியிருக்கிறாய், பெரும்பாலும் சரியாகவே. 2009இன் பிற்பகுதியில், போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் வைக்கப்பட்டிருந்து விடப்பட்டவர்கள் உறவினர் வீடுகளுக்கு வந்து சேர்ந்த நாட்களில், யார் எங்கே இருக்கிறார்கள் என்று தேடுபவர்களுக்காக அவன் விலாசங்களைச் சேர்த்தான். கலைந்து போன விலாசங்களைக் கண்டுபிடிப்பது என் தொழில் என்பதால் நானும் அவனோடு சில மாலைகள் இருந்தேன். அதில் நான் செய்தது சொற்பம், அதைப் பெரிதாக்க வேண்டாம். ஆனால் கிணறுகளைப் பற்றி நீ இரண்டு வரிதான் எழுதியிருக்கிறாய். அங்கே நீ நின்று எழுத வேண்டும், ஏனென்றால் அவன் யார் என்பது அங்கேதான் தெரிகிறது.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்கினால்தான் எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர். அந்தக் கல்லுக்குள் வேலியும் எல்லையும் கிடையாது, ஒருவர் கிணற்று நீர் மெல்ல மெல்ல அடுத்தவர் கிணற்று நீராகிவிடும். 2014இல் சுன்னாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் வாடையும், வெயிலில் வானவில்போல் மினுங்கும் படலமும் தெரியத் தொடங்கின; மின் உற்பத்தி நிலையத்தில் இருந்து கசிந்த கழிவெண்ணெய் என்று ஊர் சொன்னது. ஏழாலை, மல்லாகம், உடுவில் என்று அச்சம் ஒவ்வொரு ஊராகப் பரவியது. ஓர் அறிக்கை எண்ணெய் உண்டு என்றது, இன்னோர் அறிக்கை அஞ்சத் தேவையில்லை என்றது. குடிக்கலாமா கூடாதா என்ற ஒரு கேள்விக்குப் பதில் கேட்டு ஊர்வலம் போன எங்கள் மக்களுக்கு, சந்திகளில் கறுப்புத் தாங்கிகளை வைத்துப் பவுசர் என்கிற தாங்கி லொறியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள்.

மற்றச் செய்தியாளர்கள் ஊர்வலத்தைப் படமெடுத்தார்கள், அதுவும் வேண்டியதுதான். அவன் ஒரு சாக்கில் கண்ணாடிப் போத்தல்களைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனான். ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு போத்தல் நீர் அள்ளி, வீட்டு இலக்கமும் திகதியும் எழுதி ஒட்டி, ஓர் இரவு அசையாமல் வைத்து, காலையில் மேலே என்ன மிதக்கிறது என்று பார்ப்பான். இது ஆய்வுகூடப் பரிசோதனை ஆகாது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அதை ஒருபோதும் அவன் செய்தியாக எழுதவில்லை. தன் ஒழுங்கைகளின் வரைபடம் ஒன்றைக் கீறி, எந்தக் கிணற்றில் எப்போது வாடை தொடங்கியது என்று குறித்துக்கொண்டே வந்தான். நம் கிணற்றுப் போத்தல் மூன்று கிழமை தெளிவாக இருந்து நான்காம் கிழமை மங்கியது. அம்மா அந்தப் போத்தலைச் சாமியறைக்கு வெளியே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். 1995 இடப்பெயர்வின்போதுகூடப் பூட்டிவிட்டுப் போன வீட்டின் கிணறு நமக்காகக் காத்திருந்தது; இப்போது நாம் வீட்டில் இருக்கிறோம், கிணறு இல்லை என்றாள்.

பவுசர் தாங்கிகளில் ஒரு சிக்கல் இருந்தது. சந்தியில் தாங்கி, ஒழுங்கையின் கடைசியில் ஆச்சி. நடக்க முடியாதவர்கள் வாடை வீசும் கிணற்று நீரையே குடித்தார்கள். அவன் தன் வரைபடத்தில் தனியாக இருக்கும் முதியவர்களின் வீடுகளைச் சிவப்பால் குறித்து, பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் கொண்டுபோய், தாங்கிகளை இடம் மாற்றச் சொல்லிக் கேட்டான். சில இடம் மாறின, சில மாறவில்லை. மாறாத ஒழுங்கைகளுக்கு, செய்தி அனுப்பி முடித்த பின், சைக்கிளின் இரு பக்கமும் இருபது லீற்றர் கான்களைக் கட்டிக்கொண்டு தானே போனான். பவுசர் வராத நாட்களைக் கொப்பியில் எண்ணிக்கொண்டே வந்து, மாதக் கடைசியில் அந்த எண்ணிக்கையை மட்டும் செய்தியாக எழுதினான். ஒரு பெயரடை இல்லை, ஒரு கண்ணீர் இல்லை. தையல் இயந்திரச் செய்தியை எழுதிய அதே கைதான் இது என்பதை நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

அவனிடம் குறைகள் இல்லாமல் இல்லை, அவற்றையும் எழுது. தன் தாய்க்கு மருந்து வாங்க வேண்டிய காசில் போத்தல் வாங்கியிருக்கிறான். அந்தத் தாய் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார், பிறகு சிரிப்பை நிறுத்திவிடுகிறார். சொன்ன நேரத்துக்கு அவன் எங்கும் வந்ததில்லை. தங்கச்சியின் கலியாணத்துக்கு வாழ்த்துச் சொல்ல மூன்றாம் நாள் வந்தான். யாரோடும் கோபித்தால் மாதக்கணக்கில் பேசமாட்டான். என்னோடு மட்டும், கோபிக்க எல்லா நியாயமும் இருந்தும், கோபித்ததில்லை.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 மாசி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தபோது அவன் பட்ட மகிழ்ச்சியை நீ பார்த்திருக்க வேண்டும். விண்ணப்பம் கொடுத்தால் பதினான்கு வேலைநாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அதிகாரி முடிவு சொல்ல வேண்டும் என்பதை, ஓய்வுபெற்ற என்னிடம் நூறு தரம் சொல்லியிருப்பான். தனக்காக விண்ணப்பம் போடுவதைவிட மற்றவர்களுக்குப் போடப் பழக்குவதே அவன் விருப்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் விறாந்தையில் நாலைந்து பேர் இருப்பார்கள்: இடிந்த மதகு எப்போது திருத்தப்படும் என்று கேட்பவர், பிள்ளையின் பள்ளிக்கு ஆசிரியர் ஏன் வரவில்லை என்று கேட்பவர். நான் பதிவுத் தபாலுக்கு விலாசம் எழுதிக் கொடுப்பேன். பற்றுச்சீட்டைத் தொலைக்கக் கூடாது என்பதுதான் அந்த வகுப்பில் என் பாடம்.

கிணற்று வழக்கில் உயர்நீதிமன்றம் 2019 சித்திரை 4ஆம் திகதி தீர்ப்புச் சொன்னது. மின் உற்பத்தி செய்த நிறுவனம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது. வழக்குப் போட்டது அவன் அல்ல, அவன் வரைபடம் எந்த நீதிமன்றத்துக்கும் போகவில்லை. உன் கட்டுரையை வாசித்தால் அவன்தான் வென்றுகொடுத்தான் என்பதுபோல் தொனிக்கிறது, அதைத் திருத்து. அவன் செய்தது வேறு. தீர்ப்பின் விவரத்தைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதிப் பிரதியெடுத்து, போத்தலில் நீர் அள்ளிய வீடுகளுக்கெல்லாம் கொண்டு போனான். நாலு வருடத்தில் அந்த முதியவர்களில் பலர் இறந்துவிட்டார்கள். அந்த வீடுகளுக்கும் போய், இருப்பவரிடம் கொடுத்துவிட்டு வந்தான்.

அவன் இறந்தது எப்படி என்று உனக்குத் தெரியும், ஆனால் "இனந்தெரியாத காய்ச்சல்" என்று எழுதியிருக்கிறாய். அது டெங்கு. 2019 மார்கழியிலும் 2020 தையிலும் இங்கே நுளம்பு அப்படிப் பெருகியிருந்தது. மூன்று நாள் பனடோலோடு திரிந்தான், நான்காம் நாள் காய்ச்சல் விட்டது, சுகமாகிவிட்டது என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தான். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான நேரம், அப்போதுதான் வைத்தியசாலையில் இருக்க வேண்டும் என்று அவனே சில கிழமைகளுக்கு முன் செய்தி எழுதியிருந்தான். அன்று மாலை மயங்கி விழுந்தான். 34 வயது. இத்தனை துப்பாக்கிகளுக்குத் தப்பியவனை ஒரு சிரட்டைத் தண்ணீரில் பிறந்த நுளம்பு கொண்டு போயிற்று என்று செத்தவீட்டில் ஒருவர் சொன்னார். எனக்கு அந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை.

சென்ற மாதம் அவன் தாய் என்னைக் கூப்பிட்டு அவனுடைய கொப்பிகளைத் தந்தார், மொத்தம் 23. ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு கீறி இரண்டாகப் பிரித்திருக்கிறான். இடப்பக்கம் "போனது", வலப்பக்கம் "திரும்பிப் போனது", இரண்டிலும் திகதிகள். சில வீடுகளுக்கு வலப்பக்கத்தில் ஐந்து, ஆறு திகதிகள். நான் முதலில் தேடியது நம் வீட்டை. எங்கும் இல்லை, ஏனென்றால் நம் வீட்டைப் பற்றி அவன் செய்தி எழுதியதில்லை. ஆனால் 2007ஆம் ஆண்டுக் கொப்பியின் பின்னட்டைக்குள் ஒரு கடித உறை இருந்தது, அதற்குள் முத்திரைகள். ஒன்றுகூட ஒட்டப்படவில்லை. எண்ணிப் பார்த்தேன், 58. வெள்ளிக்கிழமைகளைக் கணக்கிட்டால் ஏறத்தாழச் சரியாக வருகிறது. தான் உயிரோடு இருக்கிறேன் என்பதை வாரம் ஒருமுறை எனக்குக் காட்டிவிட்டுப் போவதற்காகத்தான் அவன் வந்திருக்கிறான். அம்மாவிடம் காட்டினேன். அவள் உறையை வாங்கிப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொப்பிக்குள் வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கடைசிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மூன்று வீடுகளுக்கு வலப்பக்கம் வெறுமையாக இருக்கிறது. இரண்டு வீடுகளுக்கு நான் போய் வந்துவிட்டேன். ஒரு வீட்டில் மதகு கட்டப்பட்டுவிட்டது, அவர்கள் செய்தியையே மறந்திருந்தார்கள், ஆனால் அவனை மறக்கவில்லை. மற்ற வீட்டில் நான் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. நான் யார் என்று அவர்களுக்குத் தெரியாது, தவறு என்மேல். மூன்றாவது குடும்பம் கிளிநொச்சிப் பக்கம் போய்விட்டதாம். புதிய விலாசம் கிடைத்திருக்கிறது, பொங்கல் கழிந்த பின் பஸ்ஸில் போகலாம் என்றிருக்கிறேன். தனியே போக வேண்டாம், தானும் வருகிறேன் என்கிறாள் அம்மா, முழங்காலோடு.

மலருக்கு அவன் படம் கேட்டிருந்தாய். கழுத்துப்பட்டி கட்டிய அந்தப் படத்தைப் போடாதே, அது யாரோ ஒருவருடைய கலியாணத்தில் இரவல் வாங்கிக் கட்டியது. கான்களோடு சைக்கிளில் நிற்கிற படம் ஒன்று தங்கச்சியிடம் இருக்கிறது, அனுப்பச் சொல்கிறேன். கட்டுரையில் நான் சொன்ன வரியை நீக்கிவிடு. அந்த இடத்தில் வேறு எதையும் நிரப்ப வேண்டாம். என்மேல் உனக்குக் கோபம் வந்தால் அதையும் எழுது, ஆனால் கடிதமாக எழுது, நான் ஒன்றுக்கு இரண்டு தரம் வாசித்துப் பதில் போடுவேன்.

அந்த 58 முத்திரைகளில் சிலவற்றை இந்த உறையில் ஒட்டி அனுப்பலாமா என்று யோசித்தேன். பழைய பெறுமதிக்கு வெளிநாட்டுத் தபால் போகாது. எல்லாவற்றையும் ஒட்டினாலும் போதாது என்றுதான் நினைக்கிறேன். அவை கொப்பிக்குள்ளேயே இருக்கின்றன. கந்தோருக்குப் போய், வரிசையில் நின்று, புதிதாக வாங்கி ஒட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா.